கடை வெளிச்சத்தில் ஒரு முகம்: பிரெஞ்சுக் குற்றப் படங்களின் இரவு

பழைய பிரெஞ்சுக் குற்றப் படங்களில் இரவு அவ்வளவு நிஜமாகத் தெரிகிறதே, என்ன விளக்கு வைத்தார்கள் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். மிகச் சிறந்த காட்சி ஒன்றில் விளக்கே வைக்கவில்லை.

லூயி மால் இயக்கி 1958-இல் வெளியான ‘அசான்சர் பூர் லெஷாஃபோ’ (தூக்குமேடைக்கு மின்தூக்கி) படத்தில், நடிகை ஜான் மொரோ காதலனைத் தேடிப் பாரிஸின் ஷான்செலிசே சாலையில் நடப்பார். ஒளிப்பதிவாளர் ஆன்ரி டெகே கேமராவைக் குழந்தை வண்டியில் வைத்துப் படம்பிடித்தார். முகத்தில் விழுவது கடைக் கண்ணாடிகளின் வெளிச்சம். ஃபிலிம் கோடக் ட்ரை-எக்ஸ். புள்ளி புள்ளியாகத் தெரியும் என்று பலர் ஒதுக்கிய ரகம்.

கணக்கு எளிது. நொடிக்கு 24 ஃப்ரேம்; பாதி நேரம் ஃபிலிம் நகர்வதில் போவதால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 1/48 நொடி ஒளி. ஃபிலிம் வேகம் (ஒளியை உணரும் திறன்) 400, லென்ஸ் எஃப்/2 அளவுக்கு அகலத் திறப்பு என்று கொண்டால் முகத்தில் 120 லக்ஸ் (விழும் ஒளியின் அலகு) வேண்டும். சாதாரணத் தெருவிளக்கு தருவது 10, 20தான். கடையை ஒட்டி நடந்தால் முகம் தெரியும், கடை முடிந்ததும் இருளில் அமிழும்.

இவ்வளவு குறைந்த ஒளி எப்படிப் படமாகிறது என்பதுதான் அற்புதம். ஃபிலிமின் மேல் பூசிய ஜெலட்டினில் சில்வர் புரோமைடு என்ற வெள்ளி உப்பின் படிகங்கள் பதிந்திருக்கின்றன. ஒரு ஃபோட்டான் (ஒளித்துகள்) விழுந்தால் எலக்ட்ரான் ஒன்று விடுபட்டு, படிகத்தின் குறையுள்ள இடத்தில் சிக்கும். அங்கே ஒரு வெள்ளி அயனி வந்து அணுவாகும். தனி அணு நிலைக்காது, சீக்கிரம் சிதைந்துவிடும். அதற்குள் துணை சேர்ந்து நான்கு அணுக்களாகிவிட்டால் போதும்: டெவலப்பர் (ஃபிலிம் கழுவும் ரசாயனம்) அந்தப் படிகம் முழுவதையும் வெள்ளியாக்கிவிடும். நூறு கோடி மடங்கு பெருக்கம்! சிறிதோ பெரிதோ, எந்தப் படிகத்துக்கும் தேவை அதே நாலைந்து அணுக்கள். ஆனால் பெரிய படிகம் அதிக ஃபோட்டான்களைப் பிடிக்கும். வேக ஃபிலிமில் புள்ளிகள் பெரிதாகத் தெரிவது இதனால்தான்.

டெவலப்பரில் கூடுதல் நேரம் வைத்தால் இன்னும் ஒரு ஸ்டாப் அளவுக்கு, அதாவது பாதி ஒளியிலும், தேறும். அதற்குமேல் இழுத்தால் ஒளியே படாத படிகங்களும் கறுக்கத் தொடங்கும். நெகட்டிவில் கறுப்பது திரையில் வெளுக்கும் என்பதால், திரையில் கருமை சாம்பலாகும், கடைக் கண்ணாடிகள் வெளிறும். அணுக்கூட்டம் உருவாகாத நிழல் எவ்வளவு நேரம் வைத்தாலும் வராது.

இப்படங்களை டிஜிட்டலாக்கும்போது புள்ளிகளை மென்பொருளால் துடைப்பது எனக்கு அறவே பிடிக்காது. அந்தப் புள்ளிகள்தான் படம். துடைத்தால் தோலின் நுணுக்கமும் போய்விடும். அந்தச் செலவை மூல நெகட்டிவை ஈரமின்றிக் குளிரில் காக்கவும் 4கே என்ற உயர் நுணுக்கத்தில் ஸ்கேன் செய்யவும் ஒதுக்க வேண்டும்.

இன்றைய கேமராவில் முயல்பவர்கள் ஐஎஸ்ஓ (ஃபிலிம் வேகத்துக்கு இணையான எண்) 800, எஃப்/2, 1/48 நொடி என்று வைத்து, கடையருகே நிற்கும் முகத்துக்கு எக்ஸ்போஷரை (பதியும் ஒளியின் அளவை) மாறாமல் பூட்டிவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் இருட்டு வரும்போதெல்லாம் கேமரா அதை வெளுப்பாக்கிவிடும்.