பழைய லாரி வாங்கும்போது: ஆர்.சி.யில் உள்ள எடையும் வயதும்

மோட்டார் வாகனச் சட்டப்படி மொத்த எடை (வண்டியும் பாரமும் சேர்ந்து) 7,500 கிலோ வரை இலகு ரகம், 12,000 கிலோவுக்கு மேல் கனரகம். இரண்டுக்கும் இடைப்பட்ட சரக்கு வண்டிதான் நடுத்தர ரகம். பழைய ஐஷர், டாடா, லேலண்ட் விற்கிறவர் மாடல் பெயரைத்தான் சொல்வார். ஒரே பெயரில் 7,490 கிலோ வண்டியும் இருக்கும், பத்து டன்னைத் தாண்டியதும் இருக்கும். ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையும் பதிவுத் தேதியும் தெரியாமல் விலை பேசாதீர்கள்.

எடையிலிருந்து லைசென்ஸ். 7,500 கிலோவுக்குள் என்றால் சாதாரண கார் லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதி செய்துவிட்டது. அதைத் தாண்டினால் போக்குவரத்து வாகன லைசென்ஸ் கட்டாயம். அதற்கு 20 வயது நிறைந்திருக்க வேண்டும். கார் லைசென்ஸ் எடுத்து ஓராண்டு ஆன பிறகே எல்.எல்.ஆர். கிடைக்கும். படிவம் 1ஏ-வில் மருத்துவச் சான்றும் வேண்டும். லைசென்ஸ் 5 ஆண்டுக்குச் செல்லும். தவறான லைசென்ஸோடு விபத்து நடந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கட்டிவிட்டு உங்களிடம் வசூலிக்க வரும்.

இன்சூரன்ஸ் பிரீமியமும் அதே 7,500 கிலோ கோட்டில்தான் மாறுகிறது. 2022 ஜூனில் நிர்ணயித்த மூன்றாம் நபர் பிரீமியம் 7,500 கிலோ வரை ரூ.16,049, அதற்கு மேல் 12,000 வரை ரூ.27,186.

எவ்வளவு ஏற்றலாம் என்பதையும் அங்கேயே கணக்குப் போடுங்கள். மொத்த எடை 11,900, வெற்று எடை 4,900 என்றால் 7 டன்தான் சட்டப்படி பாரம். ஆர்.சி. போட்ட பிறகு யாராவது கனமான இரும்புப் பாடி கட்டியிருந்தால் அதுவும் குறையும். ஒருமுறை எடைமேடையில் ஏற்றிப் பார்ப்பது நல்லது. அதிகப் பாரத்துக்கு அபராதம் ரூ.20,000, கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் ரூ.2,000 தனி.

அடுத்து வயது. 8 ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. (தகுதிச் சான்று), அதன்பின் வருடா வருடம். இரண்டு அச்சு லாரிக்கு 12 ஆண்டு தாண்டினால் நேஷனல் பெர்மிட் கிடையாது. ஓசூரிலிருந்து பெங்களூருக்கு நித்தம் லோடு அடிக்க நினைப்பவர் இதைக் கவனிக்காமல் 13 வயது வண்டியை வாங்கினால் மாநில பெர்மிட்டோடுதான் நிற்க வேண்டும். பக்கத்து மாநிலத்துக்கு ஒவ்வொரு தடவையும் தற்காலிக பெர்மிட் தேட வேண்டிவரும். 12-க்குள் இருந்தால் ஆண்டுக்கு ரூ.16,500 ஒருங்கிணைந்த கட்டணமும் அங்கீகாரத்துக்கு ரூ.1,000-மும் கட்டி நாடு முழுக்க ஓட்டலாம்.

15 ஆண்டானதும் ஸ்கிராப்புக்குப் போக வேண்டும் என்று புரோக்கர்கள் பயமுறுத்தி விலையைக் குறைப்பது உண்டு. அந்தக் கட்டாயம் அரசு வண்டிகளுக்குத்தான். தமிழ்நாட்டில் தனியார் லாரி எஃப்.சி.யில் தேறினால் ஓடலாம். ஆனால் 15 கடந்தால் எஃப்.சி. கட்டணம் பல மடங்கு. 2022 ஏப்ரலில் ஏறியது, 2025 நவம்பரில் வயதுவாரியாக மறுபடி ஏறியது. 7 ஆண்டு கடந்த வண்டிக்குப் பசுமை வரியும் உண்டு. விலை பேசும்போது இவற்றையும் கழித்துப் பேசுங்கள்.

வண்டியடியில் படுத்துப் பார்க்க வேண்டியது சேஸிஸ், அதாவது அடிச்சட்டம். எண் குத்திய இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். பெயர் மாற்றத்துக்கும் அந்தப் பிரதி தேவை. எழுத்துகள் வரிசை பிசகியிருந்தாலோ சுற்றிலும் கிரைண்டர் தடம் தெரிந்தாலோ அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பிவிடுங்கள். பின் ஸ்பிரிங் பட்டைகளைத் தாங்கும் பிராக்கெட்டுகளுக்கு அருகில் வெல்டிங், விரிசல் உண்டா என்று பாருங்கள். அதிகப் பாரம் சுமந்த வண்டி பெரும்பாலும் அங்கேதான் விடும்.

பாடியையும் டேப் வைத்து அளக்கவும். பின் அச்சின் மையத்திலிருந்து வால் வரை உள்ள நீளம், வீல்பேஸில் (முன், பின் அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம்) 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வீல்பேஸ் 4,200 மி.மீ. என்றால் 2,520 வரைதான். லோடுக்காகப் பின்பக்கம் நீட்டிய பாடி எஃப்.சி.யில் மாட்டும், வெட்டும் செலவு உங்களுடையது.

பேப்பர் வேலையில் மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு வரி, எஃப்.சி., இன்சூரன்ஸ், ஈ-சலான், ஃபைனான்ஸ் பாக்கி எல்லாம் பாருங்கள். ஃபைனான்ஸ் இருந்தால் படிவம் 35-உம் கம்பெனியின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபமில்லாச் சான்று) வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வெளிமாநில வண்டிக்குப் படிவம் 28. விற்றவர் 14 நாளுக்குள் (வெளிமாநிலம் என்றால் 45), வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பெர்மிட் ஆர்.சி.யோடு தானாக மாறாது, அதற்குத் தனி விண்ணப்பம்.

கையெழுத்துப் போட்ட வெற்று 29, 30 படிவங்களோடு நான்கு கை மாறிய வண்டிகள் சந்தையில் ஏராளம். விற்றவருக்கும் அது ஆபத்துதான். ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே விபத்துக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பழைய பாலிசியின் மூன்றாம் நபர் பாதுகாப்பு வண்டியோடு உங்களுக்கு வரும். சொந்தச் சேதத்துக்கு வராது. வாங்கிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துப் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள்.