ஆறு மாதமாக ஒன்றும் செய்யாத எண்ணெய்

"ஆறு மாசமா இதைத்தான் போடுறேன் டாக்டர், ஒண்ணும் ஆகல. அதனால இதுவா இருக்காது." ஒரே மாதத்தில் மூன்றாவது ஆள் இப்படிச் சொன்னதும், எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு கன்னங்களிலும் நெற்றி ஓரத்திலும் சாம்பல் கலந்த பழுப்பில், வலை விரித்தது போலக் கருமை. அரிப்பு இல்லை, எரிச்சல் இல்லை, தோல் உரியவும் இல்லை. மங்கு என்று அவராகவே முடிவு செய்து, அதைப் போக்க இரவுதோறும் இலாங் இலாங் எண்ணெய் தடவியிருக்கிறார். வேறு எண்ணெயில் கலக்காமல், பாட்டிலிலிருந்து நேராக மூன்று சொட்டு. கருமை கூடக் கூட, சொட்டையும் கூட்டியிருக்கிறார். ஐந்து சொட்டு வந்த பிறகுதான் என்னிடம் வந்தார்.

இது கனங்கா ஒடோரட்டா (Cananga odorata) என்ற மரத்தின் மஞ்சள் பூவை ஆவியில் வடித்து எடுக்கும் எண்ணெய். சீத்தா மரத்தின் குடும்பம்தான். கொமொரோஸ், மடகாஸ்கர் தீவுகளில் நிறைய எடுக்கிறார்கள். பெரிய பெரிய வாசனைத் திரவியங்களில் இது உண்டு. மணம் அருமையானது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. வடிக்கும்போது முதலில் இறங்குவதை 'எக்ஸ்ட்ரா' என்பார்கள், அதற்கப்புறம் முதல், இரண்டு, மூன்றாம் தரங்கள். "நான் எக்ஸ்ட்ராதான் வாங்குறேன்" என்று சிலர் நிம்மதியாகச் சொல்கிறார்கள். அது மணத்துக்கான தரம். தோலுக்கு ஆகுமா ஆகாதா என்பதை அது சொல்லாது.

சரி, அந்த ஆறு மாதக் கணக்குக்கு வருகிறேன். முகத்தில் ஏதாவது வந்தால் எல்லோரும் போன வாரம் வாங்கிய புதுப் பொருளைத்தான் சந்தேகப்படுகிறார்கள். பழைய பொருளுக்கு நற்சான்று கொடுத்துவிடுகிறார்கள். எரிச்சல் வேறு, ஒவ்வாமை வேறு. சோப்பு நுரை கண்ணில் பட்டால் உடனே எரியும், யாருக்கும் எரியும், முதல் தடவையே எரியும். ஒவ்வாமை அப்படி வருவதில்லை. உடம்பு அந்தப் பொருளைத் திரும்பத் திரும்பப் பார்த்து, ஒரு கட்டத்தில் ஆகாதது என்று அடையாளம் வைத்துக்கொண்ட பிறகுதான் வரும். அதற்குச் சிலருக்கு இரண்டு வாரம் போதும், சிலருக்குப் பல வருடம் ஆகும். பத்து வருடமாகத் தலைக்குச் சாயம் பூசியவர் ஒருநாள் முகம் வீங்கி வந்து நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆக, நெடுநாள் போட்டோம் என்பது அந்த எண்ணெய்க்குச் சாதகமான சாட்சி ஆகாது. தினம் போட்டதுதான் என் முதல் சந்தேகம். ஒருமுறை அடையாளம் வைத்துவிட்டால் உடம்பு லேசில் மறக்காது. மூன்று வருடம் தொடாமல் இருந்துவிட்டு மறுபடி தடவினாலும் ஓரிரு நாளில் திரும்பி வரும்.

மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை என்பார்கள். அது அன்றைய எரிச்சலை மட்டுமே காட்டும்.

இவருக்கு முதுகில் பேட்ச் டெஸ்ட் ஒட்டினோம், அதாவது சந்தேகப்படும் பொருட்களைச் சிறு சிறு ஒட்டுகளில் வைத்துப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனை. 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, நான்காம் நாள் மறுபடி பார்த்தோம். இலாங் இலாங் 2 விழுக்காடு வைத்த இடம் சிவந்து தடித்திருந்தது. சக மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தச் சோதனையில் வாசனை ஒவ்வாமைக்கு வழக்கமாக ஒட்டும் வாசனைக் கலவை 1-இல் (Fragrance mix I) இருக்கும் எட்டுப் பொருட்களில் இது இல்லை. இவருக்கும் அந்தக் கலவை வைத்த இடம் சுத்தமாக இருந்தது. அதை நம்பி அனுப்பியிருந்தால், இன்னும் மங்குக்குத்தான் களிம்பு போட்டுக்கொண்டிருப்பார்.

முதுகில் சிவப்பது முகத்தில் ஏன் கறுக்கிறது என்பது தனிக் கதை. ஆனால் இது புதிதில்லை. ஜப்பானில் 1960களிலும் 70களிலும் ஏராளமான பெண்களுக்கு முகத்தில் இதே கருமை வந்தது. ஒப்பனைப் பொருட்களைப் பிரித்துச் சோதித்தபோது சில சாயங்களும் வாசனைப் பொருட்களும் மாட்டின. அவற்றில் இலாங் இலாங் எண்ணெயும் ஒன்று. அவற்றைத் தவிர்த்த பிறகு நோய் குறைந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் நீட்டிய ஒவ்வாமைப் பட்டியலிலும் இது இருக்கிறது.

இனி, தயவுசெய்து கேளுங்கள். எந்த மலர் எண்ணெயையும் நேராகத் தோலில் வைக்காதீர்கள். முகத்தில் கலந்தும் வேண்டாம். உடம்புக்குத் தேய்ப்பதானால், நறுமண சிகிச்சை நூல்கள் இதற்குச் சொல்லும் உச்ச அளவு 0.8 விழுக்காடு. அதாவது 30 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு நாலு சொட்டு, அதற்கு மேல் கூடாது. மூடியைத் திறந்து வைக்காதீர்கள். காற்றுப் பட்டுப் பழசான எண்ணெய் தோலுக்கு இன்னும் ஆகாது. மூடிய அறையில் மணிக்கணக்காக டிஃப்யூசர் (எண்ணெய் மணத்தைக் காற்றில் பரப்பும் கருவி) ஓட்டினால் தலைவலியும் குமட்டலும் வரலாம். ஏற்கெனவே ஒவ்வாமை வந்தவர்களுக்கு அந்தக் காற்றே போதும், இமை வீங்கும். அவர்கள் கனங்கா ஒடோரட்டா என்ற பெயரை மனப்பாடம் செய்துகொண்டு, ஷாம்பு முதல் உதட்டுச் சாயம் வரை லேபிளில் தேட வேண்டும்.

"நிறுத்திட்டேன் டாக்டர், எத்தனை நாள்ல போகும்?" என்று அவர் கேட்டார். நாள் கணக்கில் போகாதம்மா, மாதக் கணக்கு, வருடம் தாண்டினாலும் தாண்டும் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கருமை இறங்கியிருப்பது தோலின் அடி அடுக்கில், மேலே எதைப் பூசினாலும் சட்டென்று அழியாது.

முகத்தில் காரணம் தெரியாமல் கறுப்பு படர்ந்தால், தடவுவதை எல்லாம் அன்றே நிறுத்துங்கள். தோல் மருத்துவரிடம் போகும்போது, பல வருடமாகப் போடுவது உட்பட எல்லா பாட்டிலையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.