கொலெம்போலா: விசைவாலியா, அடிக்குழலியா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கறிவேப்பிலைத் தொட்டியைத் தூக்கினால், ஈர மண்ணில் வெண்துகள்கள் துள்ளிச் சிதறும். அவைதான் கொலெம்போலா. அவற்றைத் தமிழில் எப்பெயரால் அழைப்பது என்பதே கேள்வி. ஆடிக் கூழ் காய்ச்சும் நாள்களில் பனி விழும் டிராக்கன்ஸ்பெர்க் மலையிலும், புல்லின் வேரடியில் இவ்வினத்தவை உண்டு. பெரும்பாலானவை 1 முதல் 3 மில்லிமீட்டர் நீளம். ஆறு கால் இருந்தும் இவை பூச்சியல்ல, பூச்சிக்கு உறவு; வாயுறுப்புகள் தலைக்குள்ளேயே ஒடுங்கியிருக்கும்.

கிரேக்கத்தில் ‘கொல்லா’ பசை, ‘எம்போலோன்’ முளை, அதாவது ஆப்பு. பெயரிட்டவர் ஆங்கிலேயர் ஜான் லப்பக். 1873இல் இவற்றைப் பற்றி நூல் எழுதியவர். வயிற்றின் முதல் கண்டத்தின் (வளையப் பகுதியின்) அடியில் துருத்தும் குழல்தான் அந்த ‘முளை’. அது ஒட்டிக்கொள்ளவும் உதவும். ஆனால் முக்கிய வேலை, நீரையும் உப்பையும் உறிஞ்சி உடலில் அளவோடு வைப்பது. ஆகவே ‘பசைமுளை’ என்று நேராகப் பெயர்ப்பது பாதி உண்மைதான்.

நான்காம் கண்டத்தில் கவைபோன்ற வால். மூன்றாம் கண்டத்துக் கொக்கி அதை மடக்கிப் பிடித்திருக்கும். கொக்கி விட்டதும் வால் தரையை அறைய, உடல் எகிறும். ஆஃப்ரிகான்ஸில் ‘ஸ்பிரிங்ஸ்டெர்ட்’. தமிழில் விசைவாலி என்பது அழகாகப் பொருந்தும். ஆங்கில ‘ஸ்னோ ஃப்ளீ’யை அப்படியே பெயர்த்த ‘பனித்தெள்ளு’ வேண்டாம்: தெள்ளு இரத்தம் குடிக்கும், இது பூஞ்சையும் மட்கும் தின்னும்.

ஆனால் மண்ணாழத்தில் வாழும் பலவற்றுக்கு வாலே இல்லை. தென்னாப்பிரிக்காவின் மேரியன் தீவிலுள்ள துல்பெர்கியா பிசெடோசா அப்படி ஒன்று. குழலோ எல்லாவற்றுக்கும் உண்டு. அதனால் பேச்சுக்கு விசைவாலி, வகைப்பாட்டுக்கு அடிக்குழலி என்பதே சரி.

குளிரைத் தாங்கும் விதம் நுட்பமானது. உடல்நீர் உறைந்தால் இவை செத்துவிடும். எனவே குளிர் நெருங்கும்போது தின்பதை நிறுத்திக் குடலைக் காலியாக்கும். குடலிலுள்ள துகளைப் பற்றித்தான் முதல் பனிப்படிகம் கட்டும். தோலுரிக்கையில் குடலின் உள்தோலும் கழன்று, எஞ்சிய துகளும் போய்விடும். இதனால் உடல்நீர் சுழியத்துக்குப் பல பாகை கீழும் உறையாமல் நிற்கும், இதுவே மீக்குளிர்வு. வட அமெரிக்க இனமொன்றில் உறைவைத் தடுக்கும் புரதமும் உண்டு, 2005இல் அறிவிக்கப்பட்டது.

குழலைப் பார்க்க, புனலில் 2 மில்லிமீட்டர் வலை வைத்து ஈர மட்கை இடுங்கள். மேலே விளக்கு, கீழே 70 விழுக்காடு ஆல்கஹால். முதல் நாளே விளக்கைக் கிட்ட வைத்தால், வெப்பத்துக்கு விலகி இவை கீழே இறங்குவதற்குள் மட்கிலேயே காய்ந்து சாகும். விளக்கை நாளுக்கு நாள் தாழ்த்துங்கள். நீர் ஒட்டாத தோலால் சில மிதக்கும். ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டால் மூழ்கும். பிறகு மல்லாக்கப் புரட்டி நுண்ணோக்கியில் பாருங்கள்: பின்காலுக்குச் சற்றுப் பின்னே குழல் தெரியும்.