ஒற்றையடிப் பாதையில் ஓடும் தண்ணீர்

நகரத்தை ஒட்டிய காட்டில், நிறையப் பேர் நடக்கும் ஒரு பாதையில் நின்று ஒரு பாட்டில் தண்ணீரைச் சாய்த்துப் பாருங்கள். தண்ணீர் தரைமேல் பளபளவென்று நிற்கும். கொஞ்சம் சரிவு இருந்தால் உடனே கீழே ஓடத் தொடங்கும். இப்போது பாதையை விட்டு நகராமல், கையை நீட்டி, பக்கத்தில் சருகு மூடிய தரைமேல் அதே அளவு தண்ணீரைச் சாய்த்தால் சருகு நனையும், அவ்வளவுதான். தண்ணீர் போன இடம் தெரியாது. இரண்டு இடத்துக்கும் நடுவே ஒரு முழம்தான் தூரம். மண்ணும் ஒரே மண்தான்.

நகர மக்களுக்குச் சொந்தமான காட்டைப் பராமரிப்பது என்றால் மரம் நடுவதும் குப்பை பொறுக்குவதும் வழிகாட்டிப் பலகை வைப்பதும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் என்னைக் கேட்டால், அந்த வேலையின் பெரும்பங்கு ஒரே கேள்வியில் அடங்கிவிடுகிறது: மழைநீரை எந்த இடத்தில் பாதையை விட்டு இறக்கிவிடுவது?

நல்ல காட்டு மண்ணின் கன அளவில் ஏறக்குறைய பாதி வெற்றிடம். மண்புழு போன வழி, செத்த வேர் மட்கிப்போன துளை, மண் துகள்களுக்கு நடுவில் இருக்கும் நுண்ணிய இடைவெளி என்று எல்லாம் சேர்ந்த வெற்றிடம் அது. காற்றும் தண்ணீரும் அதற்குள்தான் இருக்கின்றன. மரத்தின் வேர் மூச்சு விடுவதும் அங்கேதான். மனிதன் நடக்கும்போது உடல் எடை முழுவதும் ஒரு பாதத்தின் அளவே உள்ள இடத்தில் இறங்குகிறது. முதலில் நசுங்குவது பெரிய துளைகள். தண்ணீரை வேகமாக உள்ளே இழுப்பவை அவைதான் என்பதால், அவை போனதும் மழைக்கு மண்ணுக்குள் இறங்க வழியில்லை, மேலேயே ஓடுகிறது.

பலரும் எதிர்பார்க்காத விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. பாதி ஆட்கள் நடந்தால் பாதி சேதம்தான் என்று தோன்றும். அப்படி இல்லை. யாரும் மிதிக்காத தரையில் முதல் சில நூறு நடைகளுக்குள்ளேயே செடிகளில் பெரும்பகுதி அழிந்துவிடலாம், மண்ணும் பெருமளவு இறுகிவிடும். அதற்குப் பிறகு ஆயிரம் பேர் நடந்தாலும் கூடுதல் சேதம் கொஞ்சம்தான். மக்கள் உலாவுவதால் இயற்கைக்கு என்ன ஆகிறது என்று பார்க்கும் பொழுதுபோக்குச் சூழலியல் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தென்பட்ட முடிவு இது. அதனால்தான் கூட்டம் வரும் காட்டில் மக்களைப் பரவலாக நடக்க விடாமல், நன்றாக அமைத்த சில பாதைகளிலேயே சேர்த்து வைக்கிறார்கள். கொண்டை ஊசி வளைவைச் சுற்ற அலுத்துக் குறுக்கே இறங்கும் பத்துப் பேர் போதும், புதுத் தடம் விழுந்துவிடும். அடுத்த மழைக்குத் தண்ணீரும் அதே குறுக்கு வழியைப் பிடித்துக்கொள்ளும்.

தண்ணீர் வேகம் பிடித்தால் என்ன ஆகும்? ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை ஏறக்குறைய 64 மடங்காகும் என்பது நீரியலில் பழைய கணக்கு. சரிவில் நேர்கீழாக இறங்கும் பாதைகள் சில மழைக்காலங்களிலேயே இடுப்பளவு ஓடையாக மாறிப்போவது இதனால்தான். கால்கள் புல்லைத் தேய்த்து வழி திறக்கின்றன, மண்ணை அள்ளிப் போவது தண்ணீர்.

எனவே பாதை போடத் தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பது சரிவின் அளவை. ஒரு மலைச்சரிவு 100 மீட்டருக்கு 20 மீட்டர் உயர்கிறது என்றால், அதன் குறுக்கே போகும் பாதை 100 மீட்டருக்கு 10 மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது. இதைப் பாதிக்கணக்கு என்று சொல்லலாம். பாதையின் ஏற்றம் சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டினால், மேலிருந்து வரும் தண்ணீருக்குப் பாதையைக் குறுக்கே கடப்பதைவிட அதன்மேலேயே ஓடுவது சுலபமாகிவிடும். சமதரையிலும் இதே தொல்லைதான். அங்கே தண்ணீர் இறங்கிப்போக இடமே இல்லை. லேசான சரிவின் நடுவே பாதை போடுவதுதான் நல்லது.

அப்புறம், பாதையின் பள்ளத்துப் பக்கம் மேட்டுப் பக்கத்தைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருக்க வேண்டும். ஒரு மீட்டர் அகலத்துக்கு 5 சென்டிமீட்டர் தாழ்வு போதும், நடப்பவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. ஏறிக்கொண்டே போகும் பாதை இடையிடையே சில அடி இறங்கி மறுபடி ஏற வேண்டும். அந்தச் சின்னப் பள்ளம்தான் தண்ணீருக்கு வெளியேறும் வாசல். அதுவரை சேர்ந்த தண்ணீர் வேகம் பிடிக்கும் முன்பே சருகுக்குள் இறங்கிவிடும்.

இப்படிப் பார்த்துப் பார்த்துப் போட்ட பாதையும் சும்மா விட்டால் கெடும். நடை விழுந்து நடுப்பகுதி பள்ளமாகும். அங்கிருந்து ஒதுங்கும் மண் பள்ளத்துப் பக்க ஓரத்தில் சேர்ந்து வரப்பு மாதிரி எழும்பும். வயலுக்கு வரப்பு தண்ணீரைக் கட்டிவைக்கும், இங்கேயும் அதையேதான் செய்கிறது. மண்வெட்டியோடு போய் அந்த வரப்பை வெட்டித் தள்ளுவதுதான் பாதைப் பராமரிப்பில் மிக அதிகமாகச் செய்யவேண்டிய வேலை. வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சாதாரணமாகத் தெரியும் அந்த வேலை எத்தனை மண்ணைக் காப்பாற்றுகிறது என்று நினைக்கும்போது, அதைச் செய்பவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை வருகிறது.

மழை விட்ட மறுநாள் பாதையில் தேங்கிய குட்டையைக் கவனியுங்கள். அதன் இரண்டு ஓரத்திலும் செருப்புத் தடம் இருக்கும். சேற்றில் கால் வைக்கத் தயங்கி ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கியிருப்பார்கள். அந்த ஓரமும் இறுகிச் சேறாகும், அடுத்தவர் இன்னும் ஒதுங்குவார். ஓர் அடி அகலப் பாதை நாலு அடியாவது இப்படித்தான். மரங்களின் வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணிலேயே கிடக்கின்றன, கிளை விரிந்த அளவையும் தாண்டிப் பரவுகின்றன. பாதை அகலமாகும் ஒவ்வொரு அடியும் அந்த வேர்களின்மேல்தான் விழுகிறது.

மண்ணும் தண்ணீரும் இத்தனை நெருக்கம் என்பதால், மரங்களைப் பற்றிய முடிவுகளும் பாதையோடு சேர்ந்தே வருகின்றன. கலிஃபோர்னியாவின் ஆர்க்காட்டா நகரம் 1955இல் தன் ரெட்வுட் மரக் காட்டை (நம் ஊர்ச் செம்மரம் அல்ல, மிக உயரமாக வளரும் ஊசியிலை மரம்) சமூகக் காடாக அறிவித்தது. ஒரு காலத்தில் மொட்டையாக வெட்டப்பட்ட நிலம் அது. அங்கே நிற்கும் ரெட்வுட் இனம் வெட்டிய அடிமரத்திலிருந்தே தளிர்க்கும். ஒரு மரம் நின்ற இடத்தில் ஐந்தாறு எழும். ஒரே வயது மரங்கள் நெருங்கி நின்றால் ஒளிக்குப் போட்டியிட்டு ஒல்லியாக உயர்கின்றன, தரைக்கு வெளிச்சம் வராது, அடியில் செடி வளராது. சிலவற்றை எடுத்துவிட்டால் மிச்சம் பருக்கும், புதரும் பெரணியும் தரையை மூடும், மழைத்துளி நேராக மண்ணில் அறைவது குறையும். ஆர்க்காட்டாவில் வளர்ச்சியைவிடக் குறைவாகவே வெட்டி, அந்த வருமானத்தைக் காட்டுக்கும் பூங்காவுக்கும் செலவிடுகிறார்கள். மரம் வெட்டுவது என்றாலே மனசு பதறும்தான். ஆனால் இப்படிக் கணக்காக வெட்டுவது காட்டை வளர்க்கும் வேலை என்றே நினைக்கிறேன்.

செத்த மரம் நின்றுகொண்டிருந்தால் மரங்கொத்திக்கும் வௌவாலுக்கும் வீடு. பாதையின் மேலோ இருக்கையின் மேலோ சாயும் நிலையில் நின்றால் ஆபத்து. அங்கே மேல்பகுதியை மட்டும் வெட்டி, விழுந்தாலும் பாதையை எட்டாத உயரத்துக்கு அடிமரத்தை நிற்கவிடுவார்கள். பாதைக்குக் குறுக்கே விழுந்த மரத்தில் நடக்கும் அகலத்துக்கு மட்டும் அறுத்து எடுத்துவிட்டு மற்றதை மட்க விடுவார்கள்.

பாதையிலிருந்து கரைந்த மண் கடைசியில் ஓடைக்குப் போகிறது. சால்மன் போன்ற மீன்கள் ஓடையின் சரளைக் கற்களுக்கு நடுவில் முட்டையிடும். கல் இடுக்கில் ஓடும் தண்ணீர்தான் முட்டைக்கு ஆக்ஸிஜன் தருகிறது. நைசான வண்டல் அந்த இடுக்கை அடைத்தால் முட்டை மூச்சுத் திணறிச் சாகும். மலைமேல் வெட்டாமல் விட்ட வரப்பு ஒன்று அடிவாரத்து மீன்முட்டை வரைக்கும் வந்து சேர்கிறது.

நடப்பவர்கள் கொண்டுவருவதும் உண்டு. பெல்ஜியத்தின் கெண்ட் நகரை ஒட்டிய இயற்கைக் காப்பிடங்களில் நடந்த, 2022இல் வெளியான ஆய்வு ஒன்று, நாய்களின் கழிவால் ஆண்டுக்கு ஹெக்டேருக்கு ஏறக்குறைய 11 கிலோ நைட்ரஜன் சேர்கிறது என்று கணக்கிட்டது. உரம் கூடினால் வேகமாக வளரும் சில செடிகள் மட்டும் மேலோங்கி, சத்துக் குறைந்த மண்ணுக்குப் பழகிய அரிய செடிகளை நெருக்கிவிடும். செருப்பின் அடியில் ஒட்டி வரும் மண்ணும் அப்படித்தான். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரை ஒட்டிய வைட்டாக்கரே மலைக்காட்டில் கவ்ரி என்னும் மரங்களின் வேரை அழுகவைக்கும் நுண்ணுயிர், காலில் ஒட்டிய மண்ணோடு பரவுவதைத் தடுக்க, 2018இல் காட்டைப் பெரும்பாலும் மூடவே வேண்டியிருந்தது. பிறகு சரளை கொட்டி, மரப்பலகைப் பாதை போட்டு, செருப்பைக் கழுவும் நிலையங்கள் வைத்து, ஒவ்வொரு பாதையாகத் திறந்தார்கள்.

கெட்டுப்போன பாதையை மூடுவதும் ஒரு கலைதான். தடைப் பலகை மட்டும் வைத்தால் யாரும் நிற்பதில்லை, ஏனென்றால் தடம் கண்ணுக்குத் தெரிகிறது. இறுகிய மண்ணைக் கடப்பாறையால் கிளறி, தண்ணீர் ஓடிய பள்ளத்தின் குறுக்கே கட்டைகளைப் புதைத்து, நுழைவில் கிளைகளைச் செங்குத்தாக நட்டு, பக்கத்துத் தரையிலிருந்து சருகை அள்ளிப் பரப்புகிறார்கள். அந்தச் சருகோடு விதைகளும் வந்துவிடும். ஆழத்தில் இறுகிய மண் இளகப் பல பத்தாண்டுகள் ஆகலாம். மேலே முதல் பச்சை மட்டும் அடுத்த மழைக்கே தலைகாட்டிவிடும், அதுவும் கட்டைக்கு மேட்டுப்பக்கத்தில், தண்ணீர் நின்று வண்டலை இறக்கிவிட்டுப் போன அந்த ஒரு சாண் இடத்தில்.