பைன் காட்டுக்குள் வளர்ந்த ஆய்வுப் பூங்கா

பல நிறுவனங்களின் ஆய்வுக்கூடங்கள் ஒரே வளாகத்தில் அமையும் இடம்தான் ஆய்வுப் பூங்கா. அப்படி ஒன்று என்றதும் பல அரசுகள் முதலில் கட்டடத்தைத்தான் கட்டுகின்றன. திறப்பு விழா முடிந்த பிறகு உள்ளே வர ஆளில்லை. அமெரிக்காவின் வட கரோலினாவில் 1959-இல் தொடங்கிய ரிசர்ச் ட்ரையாங்கிள் பார்க் வேறு வழியில் வளர்ந்தது.

அன்று அந்த மாநிலத்துக்குப் புகையிலை, நெசவு, மரச்சாமான் இவைதான் பிழைப்பு. கூலியும் குறைவு. ஆனால் டர்ஹாம், சேப்பல் ஹில், ராலே என்ற பக்கத்துப் பக்கத்து ஊர்களில் மூன்று நல்ல பல்கலைக்கழகங்கள் இருந்தன. அங்கே படித்தவர்கள் பட்டம் வாங்கிய கையோடு வேலைக்காக வெளிமாநிலம் போய்விடுவார்கள். மூன்று ஊர்களுக்கும் நடுவே பைன் மரக்காடு மலிவாகக் கிடந்தது.

முதலில் பூங்காவை லாபம் பார்க்கும் நிலத் தொழிலாகத்தான் திட்டமிட்டார்கள். பங்கு விற்றுத் தரும்படி வங்கியாளர் ஆர்ச்சி டேவிஸைக் கேட்டபோது, பொது நன்மைக்கான வேலைக்கு நன்கொடையே திரட்டலாம் என்று அவர் திருப்பிவிட்டார். சில மாதங்களில் 14 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. நிலம் லாப நோக்கற்ற அறக்கட்டளையின் கைக்கு வந்தது. பூங்காவைக் காப்பாற்றியது இந்த முடிவுதான் என்பேன். தொடக்க ஆண்டுகளில் வந்த நிறுவனங்கள் சொற்பம். வட்டிக்கு வாங்கிய நிலமாக இருந்திருந்தால் கிடைத்த விலைக்குக் கிடங்குகளுக்கு விற்றிருப்பார்கள். அறக்கட்டளையால் காத்திருக்க முடிந்தது.

1965-இல் கணினி நிறுவனமான ஐபிஎம் வர முடிவெடுத்தது. சுற்றுச்சூழல் சுகாதாரத்துக்கான மத்திய அரசு ஆய்வு நிறுவனமும் இங்கேதான் அமைந்தது. பெரிய நிறுவனம் ஒன்று வேரூன்றினால் அடுத்தவர்களுக்குத் துணிச்சல் வருகிறது. நிறுவனங்கள் பெருகப் பெருக, ஓர் ஆய்வாளர் வீட்டை மாற்றாமலே வேலையை மாற்றிக்கொள்ளலாம். பிள்ளைகளின் பள்ளி மாறாது, கணவன் மனைவி இருவருக்குமே வேலை கிடைக்கும். திறமைசாலிகள் ஊரில் தங்குவது இப்படித்தான். வரிச்சலுகையால் மட்டும் இதை உண்டாக்க முடியாது.

பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். அதிலுள்ள பார்கோடுக்கு அடிப்படையான கோட்டு வடிவத்தை 1970-களின் தொடக்கத்தில் வகுத்தவர், இந்தப் பூங்காவின் ஐபிஎம் அலுவலகத்தில் வேலை பார்த்த பொறியாளர் ஜார்ஜ் லாரர்.

திட்டத்தில் பெரிய குறையும் இருந்தது. மரங்களுக்கு நடுவே கட்டடங்களைத் தள்ளித்தள்ளி வைத்தார்கள். வீடுகளுக்கு இடமே ஒதுக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குக்கூடக் கார் எடுக்க வேண்டும். வேறு வேறு நிறுவனத்தார் தற்செயலாகச் சந்தித்துப் பேச வழியில்லை. ஏறத்தாழ 7,000 ஏக்கர் பரப்புள்ள அந்தப் பூங்காவின் நடுவில், வீடுகளும் கடைகளும் உணவகங்களும் சேர்ந்த ஒரு பகுதியை இப்போதுதான் கட்டி வருகிறார்கள்.