சுரப்பி இருந்தும் எச்சில் ஊறாதது ஏன்?

1933-இல் சுவீடனைச் சேர்ந்த கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரென், கண் வறண்டு அவதிப்பட்ட 19 பெண்களைப் பற்றித் தன் ஆய்வேட்டில் எழுதினார். பலருக்கு மூட்டுவலியும் இருந்தது. நோய் எதிர்ப்பு மண்டலமே கண்ணீர்ச் சுரப்பியையும் எச்சில் சுரப்பியையும் தாக்கும் அந்த நோய்க்கு இன்று அவர் பெயர்தான். பாதிக்கப்படுவோரில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள்.

கீழுதட்டின் உட்புறத்திலிருந்து எடுத்த சிறு எச்சில் சுரப்பியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், எச்சிலைக் கொண்டுபோகும் நுண்குழாய்களைச் சுற்றி லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்கள் ஐம்பதுக்கும் மேல் கொத்தாக மொய்த்திருக்கும். 4 சதுர மில்லிமீட்டரில் அப்படி ஒரு கொத்து இருந்தாலே நோய்க்கு வலுவான அடையாளம்.

அவை ஏன் அங்கே கூடுகின்றன? சுரப்பியின் செல்களை வெறும் பலியாடுகள் என்று நினைத்துவிடக் கூடாது. அழைப்பு அங்கிருந்தும் போகிறது. எதிர்ப்பு மண்டலத்தை உசுப்பும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தின் தூண்டலில் குழாய்ச் சுவரின் செல்கள் லிம்போசைட்டுகளை ஈர்க்கும் புரதங்களைச் சுரக்கின்றன. லிம்போசைட்டுகளில் ஒரு வகையான பி செல்களைச் சாகவிடாமல் காக்கும் 'பாஃப்' என்ற புரதத்தையும் தருகின்றன. பி செல்கள் 'ரோ', 'லா' ஆகிய புரதங்களுக்கு எதிராக ஆன்டிபாடிகளை உருவாக்குகின்றன. இவை செல்லுக்குள் இருக்கும் புரதங்களாயிற்றே? செல் சாகும்போது அதன் மேற்பரப்பில் கிளம்பும் கொப்புளங்களில் இவை வெளியே தெரிந்துவிடுகின்றன. ரோவுடன் ஒட்டியிருக்கும் ஆர்என்ஏ, எதிர்ப்பு அணுக்களை மறுபடி உசுப்ப, இன்டர்ஃபெரான் இன்னும் கூடுகிறது. இப்படியே சுற்று ஓயாமல் ஓடுகிறது.

என்னை மிகவும் யோசிக்க வைப்பது வேறொன்று. சுரப்பியில் பாதிக்கு மேல் செல்கள் உயிரோடிருந்தும் சிலருக்கு வாய் காய்ந்தே கிடக்கிறது. வழக்கமாக, நரம்பு விடும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள், செல்லில் சைகையை வாங்கும் எம்3 ஏற்பியில் பற்றும். உள்ளே கால்சியம் உயரும். குளோரைடு வெளியேறும், சோடியம் பின்தொடரும், அப்புறம் தண்ணீர் 'அக்வாபோரின்-5' என்ற நீர்வழிப் புரதத்தின் வழியே வெளிவரும். இந்த நோயில் கால்சியம் சைகையே பலவீனமாகலாம். அக்வாபோரின் இருக்கவேண்டிய இடத்தில் இல்லாமலும் போகலாம். சிலரிடம் எம்3 ஏற்பியையே குறிவைக்கும் ஆன்டிபாடிகளும் உண்டு. செல்கள் மிச்சமிருப்பவர்களுக்கு பைலோகார்பின் மாத்திரை பலன் தருவது அதனால்தான்: அது அதே எம்3 ஏற்பியைத் தூண்டுகிறது.

வாய் வறட்சிதானே என்று விட்டால் பல் சொத்தை விரைந்து பரவும். காதுக்குக் கீழே உள்ள சுரப்பி வீங்கி வடியாமலே இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும். ஓயாமல் தூண்டப்படும் பி செல்கள் சிலருக்கு லிம்போமா என்ற புற்றுநோயாக மாறுகின்றன.