ஐஸை நிறுத்திய ஐஸ்

ஃப்ரிட்ஜில் தானாக ஐஸ் கட்டி செய்யும் ஐஸ் மேக்கர் நின்றுபோனால் எல்லோருக்கும் முதல் சந்தேகம் மோட்டார் மேல்தான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். டார்ச் அடித்துப் பார்த்தால் மோட்டாருக்கு ஒரு குறையும் இல்லை. அச்சுத் தட்டுக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாயின் வாயில், சுண்டுவிரல் நீளத்துக்கு ஐஸ் இறுகி அடைத்திருந்தது.

அது எப்படி அங்கே வந்தது? ஐஸ் மேக்கருக்கு வால்வு சில விநாடிகள் திறந்து, ஒரு சின்ன டம்ளர் அளவு தண்ணீரைத் தட்டில் விடும். தட்டு சுமார் மைனஸ் 10 டிகிரிக்குக் குளிர்ந்ததும், அடியிலுள்ள ஹீட்டர் லேசாகச் சூடேற்றும். கட்டிகளின் ஓரம் உருகி வழுக்கும். மோட்டார் அவற்றைத் தள்ளிவிடும். மறுபடி வால்வு திறக்கும்.

சூட்சுமம் வால்வில்தான் இருக்கிறது. மின்காந்தம் திறப்பது ஊசித்துளை ஒன்றை மட்டுமே. வால்வின் வழியை அடைத்திருக்கும் பெரிய ரப்பர் சவ்வைத் தூக்குவதும் திரும்ப அழுத்தி மூடுவதும் தண்ணீரின் அழுத்தம். அழுத்தம் போதாவிட்டால் சவ்வு இறுக மூடாது. சொட்டுச் சொட்டாகக் கசியும். மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசருக்குள் நீண்டிருக்கும் குழாயில் ஒவ்வொரு சொட்டும் உறைந்து, கடைசியில் வழியே அடைபட்டுவிடும்.

பல ஃப்ரிட்ஜ்களுக்குக் குறைந்தது 20 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 20 பவுண்டு) அழுத்தம் வேண்டும். அதாவது, தண்ணீர்த் தொட்டி ஃப்ரிட்ஜைவிட 14 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். நம் மொட்டைமாடித் தொட்டி கொடுப்பது, மாடி வீட்டுக்கு ஐந்தாறு மீட்டர்தான்! கூடவே ஃபில்டரும் அடைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். கட்டிகள் சிறுத்துக்கொண்டே வந்தால் அதுதான் முதல் அறிகுறி.

சரி, என்ன செய்யலாம்? ஐஸ் பெட்டிக்கு மேலுள்ள கம்பி, தூக்கிய நிலையில் சிக்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தூக்கியிருந்தால் பெட்டி நிறைந்துவிட்டதாக நினைத்து இயந்திரம் நின்றுவிடும். அது சரியாக இருந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கதவைத் திறந்துவைத்து அடைப்பை உருக விடுங்கள். கத்தி, ஸ்க்ரூடிரைவர் எதையும் விட்டுக் குத்தாதீர்கள், குழாய் கிழிந்துவிடும்.

உருகியதோடு விட்டால் மறுபடி அடைக்கும். குழாயின் வாயைத் துடைத்து, பிளக்கை மாட்டாமலே அடியில் ஒரு டிஷ்யூ காகிதத்தை வையுங்கள். மின்சாரம் இல்லாதபோது வால்வு மூடியே இருக்க வேண்டும். அரைமணி நேரம் கழித்துக் காகிதம் நனைந்திருந்தால் வால்வு கசிகிறது. முதலில் ஃபில்டரை மாற்றி, பிரஷர் பம்ப் வையுங்கள். அதற்குப் பிறகும் நனைந்தால்தான் வால்வை மாற்ற வேண்டும். எங்கள் வீட்டில் பம்ப் வைத்த அன்றே காகிதம் காய்ந்தே இருந்தது.